பால்பல்லில் படிந்த ஈயம்

விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் பக்கத்துப் பழக்கம். 1970களில், பாஸ்டன் நகரை ஒட்டிய செல்சீ, சோமர்வில் என்ற இரண்டு அமெரிக்க ஊர்களில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாயில் பல் விழுந்த புது இடைவெளி இருக்கிறதா என்று ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பிறகு பல் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். இப்படி 2,335 பிள்ளைகளின் பற்கள் சேர்ந்தன. அவற்றைக் கேட்டு வாங்கியவர் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர். மனநல மருத்துவத்திலும் பயிற்சி பெற்றவர்.

அவரை அலைக்கழித்த கேள்வி நமக்கும் பழக்கமானதுதான். எந்த வகுப்பறையிலும் ஒரு குழந்தை இருக்கும். சொன்னதைப் பாதியில் விட்டுவிடும். ஓரிடத்தில் உட்காராது. இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் தடுமாறும். வீட்டில் ‘கவனம் பத்தாது’ என்பார்கள், பள்ளியில் ‘மந்தம்’ என்பார்கள், உறவுக்காரர்கள் ‘செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டது’ என்பார்கள். அம்மா மட்டும் தன்னையே நொந்துகொள்வாள். இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பரம்பரை, குறைமாதப் பிறப்பு, காது கேளாமை, சத்துக்குறைவு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில், சில ஆண்டுகளுக்கு முன் உடலுக்குள் புகுந்த ஓர் உலோகமும் உண்டா? உண்டென்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சல் வந்ததில்லை, வலிப்பு வந்ததில்லை, உடம்பில் தழும்பும் இல்லை. இன்றைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாலும், அன்றைக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது.

இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வருவதெல்லாம் காரீயம். பழைய தண்ணீர்க் குழாயிலும் வண்டி பேட்டரியிலும் தூண்டில் குண்டிலும் இருக்கும் கனமான, மெத்தென்ற உலோகம். நாம் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் முற்றிலும் வேறு தனிமம்.

ஈயம் நஞ்சு என்பது புதிய செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், 1890களிலேயே குழந்தைகள் வயிற்றுவலியும் கைகால் தளர்ச்சியும் பார்வைக் கோளாறுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். எங்கிருந்து நஞ்சு வருகிறது என்பது பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிடிபடவில்லை. பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904-இல் அதைக் கண்டு சொன்னார். மரவீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசிய ஈய வர்ணம் வெயிலில் பொடிந்து உதிர்கிறது. அதைத் தொட்ட விரல்களைக் குழந்தைகள் வாயில் வைக்கிறார்கள். 1922-இல் அந்த மாநிலம், குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய வர்ணம் பூசுவதைத் தடைசெய்தது.

ஆனால் அந்நாளைய மருத்துவர்கள் இதைக் கடும் நோயாக மட்டுமே பார்த்தார்கள். குழந்தை இறக்கும், அல்லது பிழைத்துக்கொள்ளும். பிழைத்துவிட்டால் கணக்கு முடிந்தது. இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ராண்டால்ஃப் பயர்ஸ், எலிசபெத் லார்டு என்ற இருவர். ஈய நஞ்சிலிருந்து ‘குணமாகி’ வீடு திரும்பிய 20 குழந்தைகளை அவர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 1943-இல் முடிவை வெளியிட்டபோது, 19 பேர் பள்ளியில் தேறாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். குணம் என்று எழுதி அனுப்பியது உடம்பைப் பார்த்துத்தான். மூளையை யாரும் பார்க்கவில்லை.

அப்படியென்றால், மருத்துவமனை வரை வராத அளவுக்குக் கொஞ்சமாக ஈயம் தின்ற பிள்ளைகள்? அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லையா? நீடில்மன் பல்லைத் தேடியது இதற்காகத்தான்.

பல் எதற்கு என்றால், அதற்கு ஈயத்தின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்னூட்டத்திலும் அளவிலும் அது கால்சியத்தை ஒத்திருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் வேறொருவரின் அட்டையோடு ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அட்டையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. சாமான் போய்விடுகிறது. உண்மையான அட்டைதாரர் வரும்போது அவருக்கு இல்லை. ஈயம் உடலில் போகுமிடமெல்லாம் கால்சியத்தின் அட்டையைக் காட்டியே உள்ளே போகிறது. குடல் அதைக் கால்சியம் என்று உறிஞ்சுகிறது. எலும்பும் பல்லும் கால்சியம் என்று சேர்த்துவைக்கின்றன. ரத்தத்தில் புகுந்த ஈயத்தில் பாதி ஏறக்குறைய ஒரு மாதத்தில் அங்கிருந்து நீங்கிவிடும். எலும்பில் தங்கியது பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கும். பால்பல்லின் உட்பகுதியான தந்தினி கருவிலேயே உருவாகத் தொடங்கி, பிறந்து சில ஆண்டுகள் வரை வளர்கிறது. அந்தக் காலத்தில் உடலுக்குள் சுற்றிய ஈயம் அதில் பதிந்து நிற்கும். ஆறு வயதில் பல் விழும்போது, குழந்தையின் தொடக்க ஆண்டுகளின் கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. ஊசி குத்த வேண்டியதில்லை.

அட்டை மாறாட்டம் எலும்போடு நின்றால் பெரிய கேடில்லை. மூளையிலும் கால்சியத்துக்கு வேலை இருக்கிறது, அங்கே அது கட்டுமானப் பொருள் அல்ல, கட்டளை. ஒரு நரம்பணுவின் முனைக்குச் செய்தி வந்து சேர்ந்ததும் அங்குள்ள வாயில் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுதான் ‘அடுத்த அணுவுக்குச் செய்தி அனுப்பு’ என்ற உத்தரவு. உடனே முனையிலிருந்து நரம்புக் கடத்தி என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. ஈயம் இந்த வேலையை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. செய்தி வராதபோதே கடத்தியைக் கசியவைக்கிறது. செய்தி வரும்போது கால்சியத்தின் வழியை அடைத்து, வெளியாக வேண்டியதைக் குறைக்கிறது. அதாவது இரைச்சல் கூடுகிறது, பேச்சு தேய்கிறது. எதிர்ப்பக்கத்து அணுவில், கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாத என்எம்டிஏ என்ற ஏற்பி உண்டு. ஈயம் அதையும் தடுக்கிறது.

வளர்ந்தவர் மூளைக்கே இது கெடுதல். குழந்தையின் மூளைக்கு இது வேறு வகைக் கெடுதல். பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளை, தனக்கு வேண்டியதைவிட மிக அதிகமான நரம்பிணைப்புகளைப் போட்டுக்கொள்கிறது. பிறகு, பயன்பாட்டில் இருப்பவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. தாயின் குரல், சொல், முகம், கைவிரல் அசைவு என்று திரும்பத் திரும்ப வரும் செய்திகள்தான் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கின்றன. செய்திகளே குழம்பியிருந்தால் தேர்வும் குழம்பும். ஈயம் பிறகு ரத்தத்திலிருந்து போய்விடலாம். அந்த ஆண்டுகளில் அமைந்த இணைப்பு அப்படியே நிற்கும்.

குழந்தைகள் இந்த உலோகத்துக்கு எளிதில் அகப்படுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தரையில் தவழ்கிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், குழந்தையின் உடல் பாதிவரை எடுத்துக்கொள்ளும். வளரும் எலும்பு கால்சியத்துக்கு அலைவதால் குடல் அத்தனை ஆர்வமாக உறிஞ்சுகிறது. உணவில் கால்சியமோ இரும்போ குறைந்தால் ஈயம் இன்னும் எளிதாக உள்ளே போகும். நம் நாட்டில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். வயிற்றுக்குப் போதாத பிள்ளைக்குத்தான் நஞ்சும் கூடுதலாகச் சேர்கிறது. இந்தத் துறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை மிகவும் வருத்தும் உண்மை இதுதான்.

செல்சீ, சோமர்வில் பிள்ளைகளிடம் வருவோம். எவர் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது தெரியாமலே, ஆசிரியர்கள் 2,146 பிள்ளைகளைப் பற்றிச் சில எளிய கேள்விகளுக்கு விடையளித்தார்கள். கவனம் சிதறுகிறதா? எடுத்த வேலையை முடிக்கிறானா? அடுத்தடுத்துச் சொல்லும் கட்டளைகளை நிறைவேற்றுகிறாளா? பிறகு விடைகளைப் பல்லிலிருந்த ஈயத்தோடு ஒப்பிட்டபோது, ஈயம் ஒவ்வொரு படி ஏற ஏற இந்தக் குறைகளும் ஏறிக்கொண்டே போயின. தனியாக, ஈயம் மிகுந்த 58 பிள்ளைகளையும் குறைந்த 100 பிள்ளைகளையும் நுணுக்கமான சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். முதல் குழுவின் நுண்ணறிவு ஈவு சராசரியில் நான்கைந்து புள்ளி குறைவாக இருந்தது. இவர்களில் எவரும் நோயாளி அல்ல, ஈயம் தின்றதாக எவருக்கும் தெரியாது. 1979-இல் இந்த முடிவு வெளியானது.

நான்கைந்து புள்ளி என்ன பெரிய இழப்பு என்று தோன்றலாம். ஒரு குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கண்ணில் படாது. முதல் நாள் சோதனைக்கும் மறுநாள் சோதனைக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு வரும். ஆனால் ஒரு நாட்டுக் குழந்தைகள் அனைவரின் சராசரியும் 100-லிருந்து 95-க்கு இறங்கினால் என்ன ஆகும்? மிகவும் பின்தங்கி, தனி உதவி தேவைப்படும் நிலை என்று கருதப்படும் 70 புள்ளிக்குக் கீழே, ஆயிரத்துக்கு 23 பேர் இருந்த இடத்தில் ஏறக்குறைய 48 பேர் இருப்பார்கள். மறு கோடியில், 130-க்கு மேலே இருந்த 23 பேர் பத்துப் பேராகச் சுருங்குவார்கள். அந்தக் கூடுதல் 25 பேரில் யாரையும் சுட்டி, இவனுக்கு ஈயத்தால்தான் இப்படி என்று சொல்ல முடியாது. கூட்டத்தை எண்ணினால் மட்டுமே தெரிகிற இழப்பு இது. அதனால்தான் இத்தனை காலம் எவர் கண்ணிலும் படவில்லை, அதனால்தான் அதை மறுப்பதும் எளிதாக இருந்தது.

மறுப்புக்கு ஒரு நியாயமான அடிப்படையும் உண்டு, அதைத் தள்ளிவிடக் கூடாது. ஈயம் மிகுந்த வீடுகள் பெரும்பாலும் ஏழைகளின் பழைய வீடுகள். ஏழ்மையே படிப்பைக் கெடுக்கும். அப்படியானால் குற்றவாளி ஈயமா, ஏழ்மையா? இப்படி இரண்டு பக்கமும் தொடர்புகொண்டு ஆய்வைத் திசைதிருப்பும் மூன்றாவது காரணத்தைக் குழப்பும் காரணி என்கிறார்கள். நீடில்மன் தாயின் கல்வி, தாயின் நுண்ணறிவு, குடும்பத்தின் நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் ஒப்பிட்டிருந்தார். ஆயினும் ஐயம் தீரவில்லை. 1991-இல், நீதிமன்ற வழக்கில் ஈயத் தொழில் தரப்பின் நிபுணர் சாட்சிகளாக இருந்த இரண்டு உளவியலாளர்கள், அவர் புள்ளிவிவரத்தைத் திரித்தார் என்று புகார் கொடுத்தார்கள். விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்று நீடில்மன் வற்புறுத்தினார். 1992-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அப்படியே நடந்தது. திரிபு ஏதும் இல்லை என்று முடிவானது.

ஒரு மனிதரின் நேர்மை நிலைநாட்டப்பட்டதால் மட்டும் ஒரு கருத்து உண்மையாகிவிடாது. உண்மை பல திசைகளிலிருந்து வந்தது. கனடாவில் டெபோரா ரைஸ், பிறந்தது முதல் குரங்குகளுக்குச் சிறிய அளவில் ஈயம் கொடுத்து வளர்த்தார். அவை புதிய விதிகளைக் கற்கத் தடுமாறின, பழையதை விட முடியாமல் திரும்பத் திரும்பச் செய்தன. அந்தக் கூண்டுகளில் ஏழைக் குரங்கு, பணக்காரக் குரங்கு என்று இல்லை. ஆகவே ஏழ்மையைக் காரணம் காட்ட வழியில்லை. மறுபக்கம், செல்சீ, சோமர்வில் பிள்ளைகளில் 132 பேரை நீடில்மன் வளர்ந்தபிறகு மீண்டும் தேடிப் பிடித்தார். 1990-இல் வெளியான முடிவு: பல்லில் ஈயம் மிகுந்திருந்தவர்கள் பள்ளிப்படிப்பை நடுவில் விடும் வாய்ப்பு ஏழு மடங்கு.

இவ்வளவு ஈயம் உடலுக்குள் எங்கிருந்து வருகிறது என்பதற்கான மிகப் பெரிய சான்று எவரும் திட்டமிடாமலே கிடைத்தது. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தாமஸ் மிட்க்லி, எஞ்சின் தட்டுவதை நிறுத்த பெட்ரோலில் ஓர் ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் மனம் பேதலித்து இறந்தார்கள். ஆயினும் ஐம்பது ஆண்டுகள் உலகமெங்கும் வண்டிப் புகையோடு ஈயம் ஊர்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. 1970களின் நடுவில் அமெரிக்காவில் அதைக் குறைக்கத் தொடங்கினார்கள், அதுவும் முக்கியமாகப் புதிய கார்களின் புகைச் சுத்திகரிப்புக் கருவியை ஈயம் பாழாக்கியது என்பதற்காக. அதே ஆண்டுகளில், 1976 முதல் 1980 வரை, அந்நாட்டு அரசு நாடு முழுவதும் மக்களின் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால், மக்களின் ரத்தத்திலிருந்த ஈயம் நான்காண்டில் 37 சதவீதம் இறங்கியிருந்தது. பெட்ரோலில் ஈயம் விற்ற அளவின் கோட்டையும் ரத்தத்தில் இருந்த அளவின் கோட்டையும் வரைந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே இறங்கின. 

இங்கே கிளேர் பேட்டர்சனைப் பற்றிச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. அவர் மருத்துவர் அல்ல. பூமியின் வயதை அளக்க வந்த புவிவேதியியலாளர். யுரேனியம் காலப்போக்கில் ஈயமாகிறது என்பதால், விண்கல்லில் இருக்கும் ஈய ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டு என்று 1956-இல் நிறுவினார். அந்த அளவீட்டுக்கு அவர் பட்ட பாடு பெரிது. ஆய்வுக்கூடத்தில் எங்கு தொட்டாலும் ஈயம். மேசையில், தண்ணீரில், காற்றில், அவர் தலைமுடியில். கழுவிக் கழுவி, காற்றை வடிகட்டி, தூய அறை ஒன்றை உருவாக்கிய பிறகே எண் நிலைபட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது? கிரீன்லாந்தின் பனிப்படலத்தை அடுக்கடுக்காகத் தோண்டினார். பழைய பனியில் ஈயம் சொற்பம், அண்மைக்காலப் பனியில் ஏறக்குறைய இருநூறு மடங்கு. பெருவில் புதைந்த 1,600 ஆண்டு பழைய எலும்புகளை அளந்தபோதும் அதே கதை. ‘எல்லாருடைய ரத்தத்திலும் கொஞ்சம் ஈயம் இருக்கிறது, ஆகவே அது இயல்பு’ என்பது தொழில்தரப்பு வல்லுநர் ராபர்ட் கெஹோவின் நெடுநாள் வாதம். எல்லாரிடமும் இருப்பது வழக்கத்தைக் காட்டுமே தவிர இயல்பைக் காட்டாது என்று பேட்டர்சன் 1965-இலேயே எழுதினார். ஒப்பிடுவதற்கு நஞ்சேறாத மனிதன் ஒருவன்கூட உயிரோடு இல்லை. அதனால் இறந்தவர்களின் எலும்பிடம் போக வேண்டியிருந்தது.

எவ்வளவு ஈயம் வரை பாதுகாப்பு? ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்று இதை அளக்கிறார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1960களில் அமெரிக்காவில் 60 வரை பரவாயில்லை என்றார்கள். பிறகு 40, 30, 25 என்று இறங்கி, 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 என்றானது. எல்லை இறங்கியது, ஆபத்து புதிதாகக் கூடியதால் அல்ல, பார்க்கத் தெரிந்துகொண்டதால். பாஸ்டன், சின்சினாட்டி, மெக்சிகோ நகரம், ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி, கொசோவோ உட்பட ஏழு இடங்களில் பிறப்பிலிருந்து பின்தொடரப்பட்ட 1,333 குழந்தைகளின் கணக்கை ஒன்றுசேர்த்து, புரூஸ் லான்ஃபியரும் தோழர்களும் 2005-இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் 2.4-லிருந்து 10-க்கு ஏறும்போது சராசரியாக 3.9 புள்ளி போகிறது. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது 1.9 புள்ளி மட்டும். அதாவது முதலில் வரும் சிறிதளவு ஈயமே அதிகம் கெடுக்கிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறக்குறைய 900 மில்லி ரத்தம் ஓடும். 5 என்ற அளவில் அத்தனை ரத்தத்திலும் சேர்ந்திருக்கும் ஈயம் 45 மைக்ரோகிராம், ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

கருவிலிருக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பில்லை. கருவுற்ற தாயின் எலும்பு, குழந்தைக்குக் கால்சியம் தருவதற்காகக் கரையும்போது, தாய் சிறுமியாக இருந்த காலத்தில் சேர்ந்த ஈயமும் கூடவே வெளியேறி நச்சுக்கொடியைக் கடந்துவிடுகிறது. நச்சுக்கொடி நஞ்சைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை உடைத்ததில் வேறொரு உலோகத்துக்கும் பங்குண்டு, பாதரசம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை கொட்டிய பாதரசம் மீன் வழியாக மக்களைச் சேர்ந்தது. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தாய்மார்கள் சிலர் ஓரளவு நலமாக இருக்க, அவர்கள் பெற்ற பிள்ளைகள் கடும் மூளைவாதத்தோடு பிறந்தார்கள். ஆண்டுகள் கழித்து அதை எப்படி நிறுவுவது? பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. மருத்துவர் மசாசுமி ஹராடா அந்தக் கொடிகளைக் குடும்பங்களிடமிருந்து பெற்று அளந்தார். கருவிலிருந்த நாளில் சேர்ந்த பாதரசம் அவற்றில் அப்படியே இருந்தது.

ஈயத்தை மருந்து கொடுத்து வெளியேற்றிவிட்டால் அறிவு திரும்புமா என்பது பெற்றோர் எவரும் கேட்கும் கேள்வி. ரத்தத்திலுள்ள உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறும் மருந்துகள் உண்டு. அவற்றைக் கொடுக்கும் முறைக்குக் கொடுக்கிணைப்புச் சிகிச்சை என்று பெயர். ரத்தத்தில் 20 முதல் 44 வரை ஈயம் இருந்த 780 குழந்தைகளில் பாதிப்பேருக்கு அத்தகைய மருந்தான சக்சிமரையும், மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையையும் கொடுத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2001-இல் முடிவு வந்தது. மருந்து ரத்தத்து ஈயத்தை இறக்கியது. அறிவுச் சோதனைகளில் எந்த முன்னேற்றமும் இல்லை. அளவு 45-ஐத் தாண்டும்போது உயிரையும் மூளையையும் காக்க இந்தச் சிகிச்சை தேவை. அதற்குக் கீழே செய்ய வேண்டியது, நஞ்சு வரும் வழியைக் கண்டு அடைப்பது, இரும்பும் கால்சியமும் உள்ள உணவு, பேச்சுக்கும் கற்றலுக்கும் பயிற்சி. பயிற்சி வீண் என்று எண்ணிவிடக் கூடாது. ஈயம் சேர்ந்த பிள்ளையின் மூளையும் வளரும் மூளைதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பேச்சு தாமதமான, மனஇறுக்கமுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் ‘உடலில் கன உலோகம் சேர்ந்திருக்கிறது, கழுவி எடுத்துவிடலாம்’ என்று சொல்லி, முடியைச் சோதித்து, இதே சிகிச்சையை விற்பவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி ஏற்றிய மருந்தால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான். வளர்ச்சி தாமதமான குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் ஈயம் அல்ல. சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியது ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் சென்னையில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 756 குழந்தைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்திலிருந்த ஈயத்தின் சராசரி 11-க்கு மேல். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடுதல் என்று ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. 2020-இல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 5-க்கு மேல் இருக்கிறது. அவர்களில் இந்தியக் குழந்தைகள் 27 கோடிக்கும் அதிகம்.

பெட்ரோல் போனபின் எங்கிருந்து வருகிறது? இன்வெர்ட்டர், ஆட்டோ, லாரி பேட்டரிகளைப் பட்டறைகளிலும் திறந்தவெளியிலும் உடைத்து உருக்கும் இடங்கள் முதலில் வரும். அங்கே வேலை செய்பவரின் சட்டையிலேயே தூசு வீட்டுக்கு வந்துவிடும். வர்ணத்தில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதற்கு முன் பூசிய சுவர்களும் சன்னல்களும் கம்பிக் கதவுகளும் இருக்கவே செய்கின்றன. வெள்ளையடிக்கும் முன் அவற்றைச் சுரண்டும்போது குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. ரசத்துக்கென வாங்கும் ஈயச் சொம்பு தூய வெள்ளீயமாக இருந்தால் தீங்கில்லை. விலை குறைப்பதற்காகக் காரீயம் கலந்திருந்தால், புளிப்பும் சூடும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். கண்ணால் பார்த்து வேறுபாடு தெரியாது. கலாய் பூசிய பாத்திரத்துக்கும் இது பொருந்தும்.

மஞ்சள்தூளும் இந்தப் பட்டியலில் உண்டு. பங்களாதேஷ் கிராமங்களில் பேட்டரிப் பட்டறையோ ஆலையோ அருகில் இல்லாத இடத்துக் கர்ப்பிணிப் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானோரின் ரத்தத்தில் ஈயம் 5-ஐத் தாண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் தாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனத்தாரும் காரணம் தேடினார்கள். மண், அரிசி, உணவு டப்பா, பூச்சிமருந்து என்று ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தபோது மஞ்சளில் சிக்கியது. பேட்டர்சன் பூமியின் வயதுக்குப் பயன்படுத்திய அதே ஐசோடோப்பு விகிதம் இங்கே துப்புத் துலக்கியது. ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் ஐசோடோப்புகளின் விகிதம் வேறு. பெண்களின் ரத்தத்திலிருந்த விகிதம் மஞ்சளில் இருந்ததோடு பொருந்தியது. கலந்திருந்தது லெட் குரோமேட் என்ற பளிச்சென்ற மஞ்சள் நிறமி. 1980களின் வெள்ளத்தில் நனைந்து கறுத்துப்போன மஞ்சளை விற்பதற்காக அதைப் பூசத் தொடங்கினார்கள் என்று வியாபாரிகளே சொன்னார்கள். பிறகு நிறம் மங்கிய மஞ்சளை வாங்குவோர் கேட்பதில்லை என்பதால் பழக்கம் நிலைத்துவிட்டது. பூசியவர்களில் பலருக்கு அது நஞ்சென்றே தெரியாது. தங்கள் வீட்டுக்கும் அதே மஞ்சள்தான் போனது.

2019-இல் முடிவு வெளியானதும் பங்களாதேஷ் உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாள்களில் எச்சரிக்கை வெளியிட்டது. சந்தைகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியோடு தாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்த விலைச் சந்தைக்குள் அதிகாரிகள் நுழைந்து, மூட்டையின் மேல் வைத்து அங்கேயே அளந்து, கலப்படம் செய்தவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் அபராதம் விதித்தார்கள். அந்த ஆண்டு சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தென்பட்டது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கியிருந்தது. அதற்குப் பின் தெற்காசிய நகரங்களில் அதே குழுவினர் மஞ்சளை அளந்தபோது பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய ஊர்களின் சில மாதிரிகளில் ஒரு கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 10. பாட்னா சந்தைக்கும் ஷ்யாம்பஜாருக்குப் போன அதே கருவி போதும்.